பழைய மண் அணைகளில் கசிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டப்பட்ட பழைய அணைகளில் காணும் கசிவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் வசிக்கும் இடத்துக்கு மேலே உள்ள மண் அணையின் அடியில் பல ஆண்டுகளாகத் தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. கேட்டால், ‘எப்போதும் அப்படித்தான், அணை பழையது, உறுதியானது’ என்கிறார்கள். இதை நம்பலாமா?

கசியாத மண் அணை இல்லை. களிமண்ணே ஆனாலும் அதன் துகள்களுக்கு இடையே நீர் மிக மெதுவாக நகரத்தான் செய்யும். நீர்த்தேக்கத்தின் மட்டம் உயர உயர அந்த நகர்வும் கூடும். ஆகவே ஊறல் இருப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த நீர் மண்ணைச் சுமந்து வருகிறதா, தேக்கத்தின் மட்டம் அதே அளவில் இருந்த முந்தைய ஆண்டைவிட இப்போது அதிகமாக வருகிறதா என்ற இரண்டையும்தான் விடாமல் கவனிக்க வேண்டும்.

மண் கலந்து வருவதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். நொடிக்கு ஒரு லிட்டர் வரும் கசிவில், லிட்டருக்கு ஒரு கிராம் மண் கலந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86 கிலோவுக்கு மேல் மண் வெளியேறுகிறது. அது ஓராண்டு நீடித்தால் 31 டன்னைத் தாண்டும். இறுகிய கரையில் அது ஏறத்தாழ 18 கன மீட்டர் வெற்றிடம், அதாவது மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை. அந்த அறை கரைக்குள் எங்கே உருவாகிறது என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. பெரும்பாலும் நீர் வெளிவரும் வாயிலில் தொடங்கும் அரிப்பு, மேலுள்ள களிமண் கூரையாக நின்று தாங்கிக்கொள்ள, குழாய்போல நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது. பெரிய மண் அணைகள் உடைந்த நிகழ்வுகளில் ஏறத்தாழ பாதிக்கு இத்தகைய உள் அரிப்பே காரணம். மீதியில் பெரும்பகுதி கரைக்கு மேல் வெள்ளம் வழிந்ததால் நேர்ந்தவை.

தெளிந்த நீர் நல்ல அறிகுறிதான். ஆனால் அது முழு உறுதிமொழி ஆகாது. அரிப்பு சில நாள் நடந்து சில மாதம் ஓய்ந்திருக்கும் வழக்கம் உண்டு. அடித்தளத்தில் ஜிப்சம் போன்ற கரையும் பாறை இருந்தால், நீர் பளிங்குபோல வந்தாலும் பாறை கரைந்துகொண்டே இருக்கும். ஈராக்கின் மோசுல் அணை அத்தகைய பாறையின்மேல் நிற்பதால்தான், பல பத்தாண்டுகளாக அதன் அடித்தளத்துக்குள் சிமென்ட் கூழைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

‘பழையது, ஆகவே உறுதியானது’ என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். இலங்கையின் கந்தளாய்க் குளம் மிகத் தொன்மையானது. நூற்றாண்டுகளைக் கடந்து நின்ற அதன் கரை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து 120 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

கேள்வி: கசிவை அளப்பதற்கு எளிய முறை எது? அளவு மாறினால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? (குடிமைப் பொறியியல் மாணவி)

கசிவு நீரை ஒரு சிறிய கால்வாயில் சேர்த்து, 90 பாகைக் கோணத்தில் ‘வீ’ வடிவமாக வெட்டப்பட்ட தகட்டின் வழியே வழியவிடுவதே உலகெங்கும் நிலைத்துவிட்ட முறை. வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் வருகிறது என்று பொருள், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் இருமடங்காகும்போது அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுவதைப் பாருங்கள். அளவுகோலைத் தகட்டின் வாயிலேயே வைக்காமல், நீர் தாழ்ந்து வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். தகட்டுக்கு முன்னே நீர் அமைதியாக நிற்கும் சிறு தொட்டி ஒன்றும் வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது அந்தத் தொட்டியின் அடியைத்தான்; கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீர்கூட அங்கே மெல்லிய வண்டலை விட்டுச் செல்லும். அதைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

வெறும் அளவைத் தனியே வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. தேக்கத்தின் மட்டம், மழை, கசிவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் நாள்வாரியாக வரைய வேண்டும். மழைக்கு மறுநாள் ஏறி விரைவில் இறங்கினால் அது சரிவில் விழுந்த மழைநீர். தேக்கம் உயர்ந்து பல நாள் கழித்து ஏறினால் அது மண்ணின் ஊடே மெதுவாக வருவது. தேக்கம் உயர்ந்த சில மணி நேரத்திலேயே ஏறினால் திறந்த வழி ஒன்று இருப்பதாக ஐயப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியதும் கசிவு திடீரென்று பாய்ந்து ஏறினால், குறை அந்த உயரத்தில் இருக்கக்கூடும்.

பலர் மறந்துவிடும் ஒன்று, நீரின் வெப்பநிலை. 10 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்கு நீர் வெதுவெதுப்பானால், அதன் பிசுக்குத்தன்மை குறைவதால் மட்டுமே அதே மண்ணின் வழியே வரும் கசிவு ஏறத்தாழ 1.6 மடங்காகிவிடும். கோடையில் கசிவு கூடியது என்று அலறுவதற்கு முன் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: வெளிப்புறச் சரிவில் ஓர் இடத்தில் ஈரம் காண்கிறது. நீர் உள்ளே நுழையும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே துளையிட்டுப் பார்த்துவிடலாமா? (ஓய்வு பெற்ற பணி மேற்பார்வையாளர்)

துளையிடுவது கடைசி வேலை. நீர் நுழையும் இடமும் வெளிவரும் இடமும் நேருக்கு நேர் இருப்பது அரிது. பழைய ஓடையின் மணற்படுகை, கரையும் மலைப்பாறையும் சேரும் இணைப்பு, கவனியாமல் விடப்பட்ட சரளை அடுக்கு, மதகுக் குழாயின் வெளிப்புறம் என்று எளிதாகக் கிடைத்த வழியில் அது நெடுந்தூரம் பக்கவாட்டில் சென்று தலைகாட்டும்.

முதல் ஆய்வு பழைய காகிதங்களில் நடக்க வேண்டும். கட்டும்போது ஓடையை எந்தப் பக்கம் திருப்பினார்கள், கடைசியாக எந்த இடைவெளியை அடைத்தார்கள், அந்த அடைப்பு மழைக்கு அஞ்சி அவசரமாக நடந்ததா, நடுவில் பிசைந்த களிமண் சுவர் உண்டா, அது பாறைவரை இறங்கியிருக்கிறதா என்பவற்றுக்கு வரைபடங்களிலும் பழைய புகைப்படங்களிலும் விடை கிடைக்கும். பிறகு நடந்து பார்க்க வேண்டும். அதுவும் ஒரு முறை அன்று, தேக்கம் நிறைந்தபோதும் வற்றியபோதும். நிறைந்தபோது கரையடியில் ஈரமும், சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் செழித்து நிற்கும் புல்லும் தெரியும். வற்றியபோது உட்புறச் சரிவில் சிறு குழிகளும் விரிசல்களும் தெரியும். கரையின் முகட்டில் அரை அடி பள்ளம் கண்டாலும் அதை மண் போட்டு நிரவிவிடாமல், முதலில் அளந்து, படம் எடுத்து வையுங்கள். அது உள்ளே நடப்பதன் மேற்பரப்பாக இருக்கலாம்.

அடுத்து, கசிவு நீரின் மின்கடத்துத்திறன், வெப்பநிலை, கரைந்துள்ள உப்புகள் ஆகியவற்றைத் தேக்க நீரோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் மிகவும் வேறுபட்டால், அது பக்கத்து மலைச்சரிவின் நிலத்தடி நீராகவும் இருக்கலாம். அணையைக் குற்றம் சொல்ல வேண்டிய தேவையே இராது. ஒத்திருந்தால், ஐயத்துக்குரிய இடத்தில் ஃபுளோரசீன் அல்லது ரோடமைன் சாயத்தைக் கரைத்துவிட்டு, கீழே எத்தனை மணி நேரத்தில் தோன்றுகிறது என்று பார்க்கலாம். நீரைப் பயன்படுத்துவோருக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

வெப்பநிலை வேறொரு வகையிலும் துணை செய்கிறது. தேக்க நீர் பருவத்துக்குப் பருவம் குளிர்ந்தும் சூடாகியும் வரும். கரைக்குள் ஆழமாகச் சென்றால் மண்ணின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஆழத்தில் ஓரிடம் மட்டும் பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், அங்கே நீர் ஓடுகிறது. ஒளியிழை வடத்தைக் கரையடியில் புதைத்து இதை நெடுந்தூரத்துக்கு அளப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. மண்ணின் மின்தடையை அளத்தல், நீரோட்டத்தால் இயல்பாக எழும் சிறு மின்னழுத்தத்தை அளத்தல் ஆகியவையும் உதவும். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே இடத்தைக் காட்டிய பிறகே துளைக் கருவியை வரவழைக்க வேண்டும்.

துளையிடும்போதும், களிமண் நடுச்சுவருக்குள் அழுத்தத்தோடு நீரையோ காற்றையோ செலுத்தித் துளையிடக் கூடாது. அந்த அழுத்தமே களிமண்ணைப் பிளந்து, இல்லாத வழியை உண்டாக்கிவிடும். பழைய துளைகளும் அளவைக் குழாய்களும்கூடப் பிற்காலத்தில் பலவீனமான இடங்களாக மாறுவது உண்டு. கனடாவின் 183 மீட்டர் உயரமுள்ள டபிள்யூ.ஏ.சி. பென்னட் அணையின் முகட்டுச் சாலையில் 1996 ஜூன் மாதத்தில் தோன்றிய ஒரு சிறு குழியைத் தோண்டிப் பார்த்தபோது, கட்டுமானக் காலத்தில் நட்ட நில அளவைக் குழாயைச் சுற்றி மண் தளர்ந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தளர்ச்சி மிக ஆழம்வரை சென்றிருந்தது.

கேள்வி: கரையடியில் நீர் ஊறிய இடத்தில் களிமண்ணை வைத்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டு அடைத்தோம். ஊறல் நின்றது. இப்போது அதற்கு மேலே சரிவு முழுவதும் சொதசொதவென்று இருக்கிறது. என்ன தவறு செய்தோம்?

வாயிலை அடைத்தீர்கள், வழி அப்படியே இருக்கிறது. வெளியேற முடியாத நீர் கரைக்குள் உயர்ந்து, மண்ணின் நுண்துளைகளில் அழுத்தமாக ஏறி, சரிவு முழுவதையும் கனமாகவும் வலுவற்றதாகவும் ஆக்குகிறது. இனி அது சரிவாகச் சரியலாம். அல்லது நீங்கள் பார்க்காத வேறோர் இடத்தில் பீறிடலாம். இந்தத் தவறைப் பலரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பழைய மண் அணைகளுக்கு நேரும் தீங்குகளில் என்னை மிகவும் வருந்தச் செய்வது இதுவே.

நீர் வெளியேறும் பக்கத்தில் செய்ய வேண்டியது, நீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வது. அதைச் செய்வது மணல் வடிகட்டி. மணலின் துளைகள் கரை மண் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவையாகவும், நீர் தங்கு தடையின்றிச் செல்லும் அளவுக்குப் பெரியவையாகவும் இருக்க வேண்டும். இதற்கான அளவுகோலை மண் இயக்கவியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி வகுத்தார். வடிகட்டி மணலில் எடைப்படி 15 விழுக்காடு எந்த அளவைவிட நுண்ணியதாக இருக்கிறதோ, அந்த அளவு, காக்கப்படும் மண்ணில் 85 விழுக்காடு எந்த அளவைவிட நுண்ணியதாக இருக்கிறதோ அதைப்போல நான்கு மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும்; அதேவேளை காக்கப்படும் மண்ணின் 15 விழுக்காட்டு அளவைப்போல நான்கு மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மிக நுண்ணிய களிமண்ணுக்கு வேறு விதிகள் பின்னர் ஆய்வுகள்மூலம் சேர்க்கப்பட்டன. வடிகட்டி மணலில் தூள் மண் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் அதுவே ஒட்டிக்கொண்டு விரிசல் விடும்.

தேக்கத்தை முதலில் மெதுவாகத் தாழ்த்துங்கள். பிறகு தகுதியுள்ள பொறியாளரின் மேற்பார்வையில் கான்கிரீட்டையும் களிமண்ணையும் அகற்றி, மணல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் பெருங்கல் என்று படிப்படியாகப் பரப்பி, அடியில் வடிகுழாய் வைத்து, மேலே மண்ணால் எடைக்கரை அமைக்க வேண்டும். அந்த எடை சரிவையும் தாங்கும். சொதசொதப்பு ஒவ்வொரு நாளும் மேலேறினால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே அணைக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: மதகுக் குழாயை ஒட்டி நீர் வருகிறது. குழாயை மாற்றுவதா, சுற்றிலும் அடைப்பதா?

நீர் குழாய்க்குள்ளிருந்து கரைக்குள் போகிறதா, கரையிலிருந்து குழாய்க்குள் வருகிறதா, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். குழாயைக் காலி செய்து கேமராவைச் செலுத்திப் பார்ப்பதே நேர்வழி. அடைப்பிதழ் (வால்வு) வெளிப்புற முனையில் இருந்தால், கரைக்குள் கிடக்கும் குழாய் முழுவதும் எப்போதும் தேக்கத்தின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஓர் இணைப்பு தளர்ந்தாலும் நீர் மண்ணுக்குள் பீச்சும். அமெரிக்காவின் கொலராடோவில் 1903இல் கட்டப்பட்ட லான் லேக் அணை, குழாயும் அடைப்பிதழும் சேரும் இடத்தில் இருந்த ஈயப் பூச்சு சிதைந்து, அதன்வழி தொடங்கிய அரிப்பால் 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. கையளவு இணைப்பு ஒன்று மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பழைய குழாய்க்குள் புதிய குழாயைச் செருகி, இடைவெளியைச் சிமென்ட் கூழால் நிரப்பி, அடைப்பிதழை உட்புற முனைக்கு மாற்றுவது நல்ல தீர்வு. அது குழாயின் உள்குறையைத்தான் தீர்க்கும். வெளிப்புறத்தை ஒட்டிய ஓட்டத்துக்கு, வெளிமுனைக்கு அருகே குழாயைச் சுற்றிலும் வடிகட்டி மணல் வைக்க வேண்டும். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைப்பார்கள். அவற்றின் ஓரங்களில் மண்ணை நன்றாக இறுக்க முடியாததால், 1980களிலிருந்து அந்தப் பழக்கம் கைவிடப்பட்டு மணல் வடிகட்டி அதன் இடத்தைப் பிடித்தது.

கேள்வி: சிமென்ட் கூழ் செலுத்தினால் கசிவு நின்றுவிடும் என்கிறார் ஒருவர், நடுவில் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறார் மற்றொருவர். எது சரி?

அது கசிவு எங்கே என்பதைப் பொறுத்தது. அடித்தளப் பாறையின் பிளவுகளுக்கும் சரளைக்கும் கூழ் செலுத்துவது பொருந்தும். களிமண்ணுக்குள் சிமென்ட் துகள் நுழையாது. அழுத்திச் செலுத்தினால் களிமண்ணைப் பிளந்துகொண்டு தகடு தகடாகப் பரவும். சில இடங்களில் அது பயன் தரலாம், ஆனால் எங்கே போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சுவர் என்பது கரையின் முகட்டிலிருந்து குறுகிய அகழியைத் தோண்டி, பென்டோனைட் என்ற, நீரில் ஊறிப் பெருகும் களிமண்ணின் குழம்பால் அகழியின் பக்கங்களைத் தாங்கி, பின்பு அதில் கான்கிரீட்டை நிரப்புவது. மண் அணையோடு சேர்ந்து வளையக்கூடிய, பென்டோனைட் கலந்த மென்மையான கான்கிரீட்டே இதற்கு ஏற்றது. இங்கிலாந்தின் பால்டர்ஹெட் அணையில் 1967இல் முகட்டில் குழிகள் தோன்றின. அணையின் குறுகலான களிமண் நடுச்சுவர் நீரழுத்தத்தால் பிளந்து, அதன் நுண்ணிய மண் அடித்துச் செல்லப்பட்டிருந்ததைக் கண்டு, சேதமான பகுதியில் இத்தகைய சுவரையும் மற்றப் பகுதிகளில் கூழையும் கையாண்டார்கள்.

சுவரின் குறை அதன் ஓரங்களில்தான். அமெரிக்காவின் கென்டக்கியில் குகைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைமேல் நிற்கும் உல்ஃப் கிரீக் அணையில், 1960களின் இறுதியில் கலங்கிய நீரும் குழிகளும் தோன்றின. முதலில் கூழைச் செலுத்தினார்கள். பிறகு 1970களின் பிற்பகுதியில் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் அடியையும் பக்கத்தையும் சுற்றி நீர் வழி தேடிக்கொண்டதால், அதைவிட ஆழமாகவும் நீளமாகவும் இரண்டாவது சுவர் ஒன்று 2013இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுத்தர உயரமுள்ள பழைய கரைக்கு, பாறை நல்லதாக இருந்தால், வெளிப்புற வடிகட்டியும் எடைக்கரையுமே என் முதல் தேர்வு. கசிவின் அளவு நீரிழப்பாகவே வருத்தும்போது சுவரை எண்ணலாம்.

கேள்வி: கரையில் பெரிய மரங்கள் நிற்கின்றன. வெட்டினால் போதுமா?

போதாது. வெட்டிய மரத்தின் வேர் மக்கி வெற்றுக் குழலாகும். தேக்கம் தாழ்ந்திருக்கும்போது அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். வெளிப்புறச் சரிவில் குழியின் அடியில் வடிகட்டி மணல் இடுவது நல்லது. எலி, நண்டு வளைகளுக்கும் இதே முறைதான்.

கேள்வி: இரவில் திடீரென்று கசிவு கலங்கலாகிக் கூடினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கீழே வசிப்பவர்களுக்கு அறிவிப்பதே முதல் வேலை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அமெரிக்காவின் ஐடஹோவில் 93 மீட்டர் உயரமுள்ள டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கலாகக் கசியத் தொடங்கியது. துளையில் மண்ணைத் தள்ளி அடைக்கச் சென்ற இரண்டு புல்டோசர்கள் அதற்குள்ளேயே விழுந்தன. நண்பகலுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். அது முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த புதிய அணைதான். ஆனால் கலங்கல் தொடங்கிய பிறகு கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதைப் பழைய அணைக்காரர்களும் அதிலிருந்தே கற்க வேண்டும்.

மதகைத் திறந்து தேக்கத்தைத் தாழ்த்துங்கள். மிக விரைவாகத் தாழ்த்தினால் உட்புறச் சரிவு சரியும் அபாயம் உண்டு; கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981இல் அவ்வாறு சரிந்தது. ஆனாலும் உடைப்பு நெருங்கும்போது அந்தச் சரிவையே சிறிய கேடாகக் கொள்ள வேண்டியிருக்கும். நீர் வெளிவரும் வாயிலில் மணல், சரளை, கல் என்று பரப்புங்கள். வேகம் மணலை அடித்துச் சென்றால், முதலில் கல்லைப் போட்டு வேகத்தைத் தணித்து, பிறகு சரளையும் மணலும் இடலாம். தரை மட்டத்தில் மணல் கொப்புளித்தால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீர் தெளியும் உயரம்வரை மட்டும் உயர்த்துங்கள். முற்றிலும் நிறுத்த முயன்றால் பக்கத்தில் வேறொன்று கொப்புளிக்கும். உட்புறத்தில் சுழல் தெரிந்தால், கரையிலிருந்தபடியே அங்கே பல அளவுகள் கலந்த சரளையைக் கொட்டலாம். யாரையும் கயிறின்றி, தனியாக, துளைக்கு அருகில் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பழுது பார்த்தபின், வேலை வெற்றி என்று எப்போது சொல்லலாம்?

எடைக்கரையைக் கட்டி முடித்ததும் பழைய ஊற்று அதன் அடியில் மறைந்துவிடுகிறது. அந்த நீரை வடிகுழாயால் வெளியே கொண்டுவந்து, புதிய ‘வீ’ தகட்டில் வழியவிடாமல் வேலையை முடித்ததாகக் கணக்குக் காட்டுவதை ஏற்கக் கூடாது. நடுவில் சுவர் எழுப்பியிருந்தால், சுவருக்கு உட்புறத்தில் உள்ள நீரழுத்தக் குழாய்களில் (கரைக்குள் நீரின் அழுத்தத்தை அளக்க நட்டவை) மட்டம் தேக்கத்தை ஒட்டி ஏறுவதும், வெளிப்புறத்தில் இறங்குவதும் நல்ல அறிகுறி. உள்ளே ஏறியதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு பக்கத்திலும் மட்டம் சேர்ந்தே ஏறினால் சுவரில் ஓட்டை உண்டு.

பழுதுக்குப் பிறகு முதன்முறையாக நிரப்பும்போது ஒரே மூச்சில் நிரப்பாமல், சில மீட்டர் உயர்த்திச் சில நாள் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் அளவுகள் நிலைபெற்ற பிறகே மேலே செல்லுங்கள். அந்த நாள்களில் தினமும் இருமுறை அளந்து, கரையின் இரு ஓரங்களிலும், மலைச்சரிவு தொடும் இடங்களிலும், சுவரின் முனைகளுக்குக் கீழேயும் புதிய ஈரம் தோன்றுகிறதா என்று நடந்து பாருங்கள். தேக்கம் முழு மட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் நின்று, கசிவு தெளிவாகவும் மாறாமலும் வந்தால், அதன்பின் வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம்.